பூட்டிய மின்னூலுக்கும் பூட்டாத மின்னூலுக்கும் ஒரே விலை சரியா?

கேள்வி
எழுதியவர்: நெடுவாசகி

அனைவருக்கும் வணக்கம்.

மின்னூல் விலையைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அச்சு நூலின் விலையில் எவ்வளவு குறைய வேண்டும் என்பதிலேயே அது முடிந்துவிடுகிறது. தாளும் அச்சும் கிடங்கும் இல்லாதபோது விலை இறங்க வேண்டும் என்று வாசகர்கள் சொல்கிறார்கள். செலவின் பெரும்பகுதி தாளில் இல்லை என்று பதிப்பாளர்கள் சொல்கிறார்கள். இந்த வாதத்தில் ஒரு கூறு எப்போதும் விடுபட்டுப் போகிறது. ஒரே நூல், அதே பதிப்பு, அதே மெய்ப்பு. ஒரு கடையில் அது நகல் தடுப்புப் பூட்டுடன், அதாவது டிஆர்எம் எனப்படும் ஏற்பாட்டுடன் விற்கப்படுகிறது. பதிப்பகத்தின் சொந்தத் தளத்தில் பூட்டு இல்லாமல் விற்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் விலை ஒன்றுதான். வாங்குபவரின் கைக்கு வந்து சேர்வதும் ஒன்றுதானா?

கோப்பின் உள்ளே பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஈபப் என்னும் மின்னூல் வடிவக் கோப்பு அடிப்படையில் ஒரு ஜிப் பொதி, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதி. பூட்டாத நூலின் பொதியை விரித்தால் அத்தியாயங்கள் வலைப்பக்கங்களைப் போல வரிசையாக இருக்கும்; எந்த எழுத்துத் திருத்தியிலும் அவற்றைத் திறந்து படிக்கலாம். பூட்டிய நூலின் பொதியிலும் அதே வரிசையில் கோப்புகள் இருக்கும், ஆனால் எதைத் திறந்தாலும் பொருளற்ற குறிகளே தெரியும். கூடவே உரிமை விவரம் அடங்கிய சிறு கோப்பு ஒன்று இருக்கும். நூலைத் திறக்கும் சாவி அதற்குள், வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கப்பட்டு, மறுபடியும் பூட்டப்பட்ட நிலையில் இருக்கும். அந்தக் கணக்கை நடத்தும் நிறுவனம் நம் புதிய கருவிக்கு ஒப்புதல் தரும் வரையில்தான் அந்தச் சாவியால் பயன் உண்டு.

நான் வாங்கிவந்த மின்னூல் கடை ஒன்று தன் சேவையை நிறுத்திக்கொண்டது. முன்பே ஒப்புதல் பெற்ற பழைய கருவியில் நூல்கள் தொடர்ந்து திறந்தன. அந்தக் கருவி பழுதானபின் கோப்புகளைப் புதிய கருவிக்கு மாற்றினேன்; ஒவ்வொரு நூலும் அட்டைப்படத்தை மட்டும் காட்டிவிட்டு, கணக்கைச் சரிபார்க்க முடியவில்லை என்ற அறிவிப்போடு நின்றது. சரிபார்த்துத் தர வேண்டிய வழங்கி இயங்கவில்லை. நான் முழு விலை கொடுத்த நூல்கள் ஒவ்வொரு எழுத்தும் சிதையாமல் என் வட்டில் இருக்கின்றன, ஆனால் அவற்றை என்னால் படிக்க முடியாது.

ஆகவே உங்களிடம் இரண்டு கேள்விகளை வைக்கிறேன். பூட்டிய நூல் விலை குறைவாக இருக்க வேண்டும் என்று வாசகர் கேட்பது நியாயமா? அப்படிக் கேட்டால், பூட்டாத நூலுக்குக் கூடுதல் விலை வைப்பதையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்குமா?

மறுமொழி 1
எழுதியவர்: மெய்ப்புமேசை

வணக்கம் அம்மா. பதிப்புத் துறையில் பணியாற்றுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் இழப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அது நடந்திருக்கவே கூடாது.

விலை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலின் செலவு பெரும்பாலும் முதல் பிரதி உருவாவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எழுத்தாளருக்கு முன்பணம், செம்மையாக்கம், மெய்ப்பு, அட்டை, மொழிபெயர்ப்பாக இருந்தால் உரிமைத் தொகை ஆகிய எல்லாம் மின்னூலுக்கும் பொருந்தும். இந்தக் கணக்கில் பூட்டு ஒரு சேமிப்பைத் தருவதில்லை; செலவையே கூட்டுகிறது. பூட்டு மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் உண்டு. நூல் திறக்கவில்லை என்று எழுதும் வாசகர்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும், அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை பூட்டினால் வருகிறவை. செலவை வைத்து விலை போடுவதாக இருந்தால் பூட்டிய நூல்தான் கூடுதல் விலைக்குப் போக வேண்டும், அந்த முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள். எனவே செலவை விட்டுவிட்டு, வாசகர் எதைப் பெறுகிறார் என்ற பக்கத்திலிருந்துதான் உங்கள் கேள்வியை அணுக முடியும்.

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. பூட்டாத கோப்பு ஒருவரிடமிருந்து அவர் நண்பருக்கும், அவரிடமிருந்து இன்னொருவருக்கும் எந்தத் தடையும் இல்லாமல் போகும். அச்சு நூலை இரவல் கொடுத்தால் கொடுத்தவரிடம் அது இருக்காது. கோப்பு எல்லோரிடமும் இருக்கும். தொழில்முறைத் திருட்டுத் தளங்களை எந்தப் பூட்டாலும் தடுக்க முடிந்ததில்லை என்பது எனக்குத் தெரியும், யாராவது ஒருவர் ஒருமுறை உடைத்துவிட்டால் போதும். எங்கள் கவலை அந்தத் தளங்களைப் பற்றியதைவிட, நல்லெண்ணத்தோடு பகிரும் சாதாரண வாசகரைப் பற்றியது. ஒரு விற்பனை பத்துப் பேருக்குப் போய்ச் சேரக்கூடும் என்றால், அந்த ஒரு விற்பனைக்கு எழுத்தாளர் கூடுதலாகக் கேட்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. பூட்டு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்பவர்கள் பல வேளைகளில் எழுத்தாளர்களும் அவர்களுடைய முகவர்களும்தான் என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இசைத்துறையில் ஒரு முன்னுதாரணம் உண்டு. பூட்டாத கோப்புக்குக் கூடுதல் விலை என்பதை ஆப்பிள் நிறுவனம் 2007-இல் நடைமுறைப்படுத்தியது. அதுபோன்ற ஓர் ஏற்பாட்டை மின்னூலிலும் முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து.

மறுமொழி 2
எழுதியவர்: பழையதட்டு

மெய்ப்புமேசை அவர்கள் சொன்ன முன்னுதாரணத்தின் பிற்பாதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2007 மே மாத இறுதியில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் பாடல் கடையில் இஎம்ஐ இசை நிறுவனத்தின் பாடல்கள் இரண்டு விலைகளில் வைக்கப்பட்டன. பூட்டிய பாடல் 99 சென்ட். பூட்டாத பாடல் 1 டாலர் 29 சென்ட். பூட்டாத பாடலின் ஒலித்தரமும் இருமடங்காக, 128 கிலோபிட்டிலிருந்து 256 கிலோபிட்டாக உயர்த்தப்பட்டிருந்தது. ஆகவே அந்த 30 சென்ட் எதற்கு என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஏற்பாடு இருந்தது. முன்பே பூட்டிய பாடலை வாங்கியிருந்தவர்கள் 30 சென்ட் கட்டி மாற்றிக்கொள்ளலாம் என்றும் வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரிலேயே பூட்டாத பாடலும் 99 சென்டுக்கு இறங்கியது. மற்றவர்களும் பூட்டாத பாடல்களை விற்கத் தொடங்கியபின் கூடுதல் விலைக்கு இடமில்லாமல் போயிற்று. 2009-இன் தொடக்கத்தில், கடையிலுள்ள பாடல்கள் அனைத்தையும் பூட்டில்லாமல் விற்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. அதன்பின் பாடல்களுக்கு மூன்று விலைப்படிகள் வந்தன என்பது உண்மை, ஆனால் அவற்றுக்கும் பூட்டுக்கும் தொடர்பு இருக்கவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, பூட்டை நீக்குவதற்காக வாங்கப்பட்ட கூடுதல் தொகை சந்தையில் ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை என்பதே. வாசகருக்கு இயல்பாகச் சேர வேண்டியதைத் தனியே விலைப்பட்டியலில் போட்டு விற்றால், போட்டி வந்ததும் அந்தக் கூடுதல் விலை அழிந்துவிடுகிறது.

மின்னூலிலும் சான்று இருக்கிறது. அறிபுனை நூல்களை வெளியிடும் டோர் பதிப்பகம், மேக்மில்லன் குழுமத்தைச் சேர்ந்தது, 2012-இல் தன் மின்னூல்கள் அனைத்திலிருந்தும் பூட்டை எடுத்தது. ஓராண்டு கழித்து, தங்கள் நூல்கள் எதிலும் திருட்டுப் பிரதிகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று அவர்களே எழுதினார்கள். அதே 2012-இல் ஹாரி பாட்டர் வரிசை மின்னூலாக வந்தபோது, உலகிலேயே அதிகமாகத் திருடப்படக்கூடிய அந்த நூல்களைப் பாட்டர்மோர் தளம் பூட்டுக்குப் பதிலாக நீர்க்குறியிட்டு விற்றது. வாங்கியவரின் அடையாளம் கோப்பினுள் இருக்கும். அவர் எந்தக் கருவியிலும் படிக்கலாம். பொதுவெளியில் கொட்டினால் யாருடைய பிரதி என்பது தெரிந்துவிடும். நல்லெண்ணத்தோடு பகிரும் வாசகரைப் பற்றிய பதிப்பகத்தாரின் கவலைக்கு இதைவிடப் பொருத்தமான விடை எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 3
எழுதியவர்: இரவல்பதிவேடு

நூலகத்தில் மின்னூல் சேகரிப்பைக் கவனிப்பவள் நான். பூட்டுக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல வாசகர்களிடம் பேசும் பதிப்பகங்கள், நூலகங்களிடம் பேசும்போது அந்தத் தொடர்பை வரி வரியாக எழுதிக் கொடுக்கின்றன என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நூலகத்துக்கு விற்கப்படும் மின்னூல் பெரும்பாலும் ஓர் உரிமம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே படிக்கலாம். உரிமத்துக்கு முடிவும் உண்டு. ஹார்ப்பர்காலின்ஸ் 2011-இல் ஓர் உரிமத்துக்கு 26 இரவல் என்று வரம்பு வைத்தது. அச்சு நூல் தேய்ந்து போவதற்குமுன் எத்தனை முறை இரவல் போகும் என்பதையும் கணக்கில் கொண்டதாகக் காரணம் சொன்னார்கள். வேறு சில பெரிய பதிப்பகங்கள் இரண்டு ஆண்டுகள் என்று கால வரம்பு வைத்தன. வரம்பு முடிந்ததும் நூல் எங்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். வேண்டுமானால் மீண்டும் பணம் கட்ட வேண்டும். நான் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஒவ்வொரு நூலின் பெயருக்குப் பக்கத்திலும் உரிமத்தின் வகை, கால அளவு, இரவல் எண்ணிக்கை, விலை ஆகியவை அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே நூலுக்குக் குறுகிய உரிமமும் நீண்ட உரிமமும் கிடைக்கும்போது விலை மாறுகிறது. நான் இரண்டையும் ஒப்பிட்டு, அந்த நூல் இரண்டாண்டுக்குப் பிறகும் கேட்கப்படுமா என்று யோசித்து முடிவெடுக்கிறேன். நூலகங்களுக்கு வைக்கப்படும் விலைகள் எனக்கு நெடுநாள் மனக்குறை. ஆனால் எதற்காகப் பணம் கட்டுகிறேன் என்பதில் எனக்கு ஐயம் எழுவதில்லை.

இரவலில் பூட்டு தேவைப்படுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குறித்த நாளில் நூல் தானே மூடிக்கொண்டு அடுத்தவருக்குப் போவது பூட்டினால்தான் நடக்கிறது. இரவல் வாங்குபவருக்கு அது முன்பே தெரியும், அவர் அதற்குப் பணம் தருவதும் இல்லை. மாதச் சந்தா கட்டி வாசிக்கும் சேவைகளிலும் இதே நிலைதான். சந்தா நின்றால் நூலும் நிற்கும், தொகையும் அதற்கேற்ற தொகைதான். இரவலிலும் சந்தாவிலும் பூட்டும் விலையும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றன. தனிவாசகருக்கு விற்பனை என்ற பெயரில் கொடுக்கும்போதுதான் பொருத்தம் குலைகிறது: விலை நிரந்தர நூலுக்குரியது, கொடுக்கப்படுவது முடிவு நாள் குறிக்கப்படாத இரவல். நெடுவாசகி கேட்பது சலுகையன்று என்றே நான் எண்ணுகிறேன். கால அளவை எழுதாமல் விடுவதால் விற்பவருக்குக் கிடைக்கும் கூடுதல் தொகையை அவர் கேள்வி கேட்கிறார், நூலகத்தில் நாங்கள் நாள்தோறும் கேட்பது போல.

2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற நூல்கள் அனைத்தும் வாசகர்களின் கருவிகளிலிருந்து நீங்கின. நிறுவனம் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது, நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மேலும் 25 டாலர் கொடுத்தது. அந்தப் பெருந்தன்மை ஒரு பெரிய நிறுவனத்தால் முடிந்தது. அதைச் செய்தாக வேண்டும் என்ற கடமை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், சிறிய கடை மூடும்போதும் வாசகருக்குக் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கும்.

மறுமொழி 4
எழுதியவர்: செவிவழிவாசகன்

நான் பார்வையற்றவன், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மூலம் நூல்களைக் கேட்டுப் படிக்கிறேன். இந்த விவாதத்தில் பூட்டின் விளைவு என்றோ ஒருநாள் வரப்போகும் இழப்பாகவே பேசப்படுகிறது. எனக்கு அது வாங்கிய அன்றே வந்துவிடும்.

பூட்டாத ஈபப் கோப்பை எனக்குப் பழகிய செயலியில் திறந்து, எனக்கு ஏற்ற வேகத்தில், எனக்குத் தெளிவாகப் புரியும் குரலில் கேட்பேன். தலைப்புக்குத் தலைப்பு தாவுவேன். வேண்டுமானால் பிரெய்ல் கருவிக்கு அனுப்புவேன். பூட்டிய நூலை அந்தக் கடையின் செயலியில் மட்டுமே திறக்க முடியும். அந்தச் செயலி திரைவாசிப்பானோடு ஒத்துழைத்தால் படிக்கலாம். இல்லையென்றால், பக்கம் எண் இன்னது என்பதை மட்டும் குரல் சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். பக்கத்தில் உள்ள வரிகள் அதற்கு எட்டாது. அந்த நிலையில் எனக்குக் கிடைத்தது முழு விலைக்கு ஓர் அட்டைப்படம், அதையும் நான் பார்க்க முடியாது.

2009-இல் அமேசானின் மின்னூல் கருவியான கின்டிலின் இரண்டாம் தலைமுறை, நூலை உரக்கப் படிக்கும் வசதியோடு வந்தபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் அது ஒலிநூல் உரிமையைப் பறிப்பதாக எதிர்த்தது. ஒவ்வொரு நூலுக்கும் அந்த வசதியை அனுமதிப்பதா மறுப்பதா என்பதைப் பதிப்பகமே முடிவு செய்யலாம் என்று அமேசான் விட்டுக்கொடுத்தது. குரல் மூடப்பட்ட நூலுக்கு விலை குறைக்க வேண்டும் என்ற பேச்சு மட்டும் எழவில்லை.

பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்த, பார்வையற்றோருக்கு நூல்கள் எட்டச் செய்வதற்கான மராக்கேஷ் உடன்படிக்கை, பூட்டுக்கு அளிக்கப்படும் சட்டப் பாதுகாப்பு எங்களைப் போன்றவர்களின் வாசிப்புக்குத் தடையாகக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள அணுகல்தன்மைச் சட்டமும், பூட்டு அணுகல் வசதிகளை அடைக்கக் கூடாது என்று மின்னூலுக்கு நிபந்தனை வைக்கிறது. எனவே விலையைக் குறைத்துத் தாருங்கள் என்று நான் கேட்க மாட்டேன். படிக்க முடியாத நூலைப் பாதி விலைக்கு வாங்கினாலும் அது படிக்க முடியாத நூல்தான். பூட்டின் இழப்பு எல்லா வாசகருக்கும் ஒரே அளவினது அல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். பத்து சதவிகிதமோ இருபது சதவிகிதமோ கழித்துவிட்டு அத்தோடு ஈடு செய்ததாகச் சொல்வது என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது.

மறுமொழி 5
எழுதியவர்: நெடுவாசகி

அனைவருக்கும் நன்றி. செவிவழிவாசகன் அவர்களே, நீங்கள் எழுதியது என் கேள்வியின் வடிவத்தையே மாற்றிவிட்டது. எத்தனை சதவிகிதம் குறைப்பது என்ற திசையில் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். சரியான தொகை என்று ஒன்றை இதில் எவரும் கண்டுபிடிக்க முடியாது என்று இப்போது படுகிறது. ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடும் நூலைப் பூட்டோடு வாங்குபவருக்கு இழப்பு மிகக் குறைவு. அகராதியையோ தொழில்நுட்ப நூலையோ வாங்கி இருபது ஆண்டு புரட்ட நினைப்பவருக்கு அது முழு விலையையும் விழுங்கிவிடும்.

மெய்ப்புமேசை ஐயாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பகிர்தலைத் தடுக்கத்தான் பூட்டு என்கிறீர்கள். ஆனால் பகிர்தலோடு மட்டும் அது நிற்பதில்லை. 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு டாலரைவிடக் குறைவான விலைக்கு விற்பது உரிமை மீறல் என்று நூலுக்குள் அச்சிட்டிருந்தார் ஒரு பதிப்பாளர். கடைக்காரர்கள் 89 சென்டுக்கு விற்றார்கள். ஒருமுறை விற்ற பிரதியின்மேல் பதிப்பாளர் அப்படிக் கட்டுப்பாடு விதிக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய புத்தகக் கடையும் இரவலும் அன்பளிப்பும் சட்டப்படி நிற்பது அந்தக் கொள்கையில்தான். மின்னூலுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை; பயன்படுத்திய மின்னூல்களை விற்ற நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் வழக்கில், அந்த விற்பனைக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் முடிவு செய்தது. அச்சு நூலின் விலையில் ஒரு பகுதி, படித்த பின் விற்கலாம் என்பதற்காகவும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம் என்பதற்காகவும் நாம் கொடுப்பது. மின்னூலில் அந்தப் பகுதியை விலையிலிருந்து கழித்தீர்களா என்று கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், உரிமம் மட்டுமே தரப்படும் எண்ணிமப் பொருளை விற்கும்போது அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. விற்றபின் திரும்பப் பறிக்க முடியாதபடி, நிரந்தரமாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளக் கொடுக்கப்படும் பொருளுக்கு அந்த அறிவிப்பு தேவையில்லை. நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய பிரிவினை அதுதான் என்று தோன்றுகிறது. பூட்டிய நூலின் விலைக்கு மேலே, அது எத்தனை ஆண்டுகளுக்கு, எத்தனை கருவிகளில் திறக்கும் என்பதை உறுதியாக எழுதட்டும். எழுதியபின் அந்த விலைக்கு எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதைப் பார்த்து விலை தானாகவே இறங்கும். நான் சதவிகிதம் சொல்ல வேண்டியதில்லை.

மறுமொழி 6
எழுதியவர்: மெய்ப்புமேசை

அம்மா, நீங்கள் இறுதியில் சொன்ன வழி எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. இரட்டை விலை வேண்டாம் என்று இப்போது எனக்குத் தோன்றுவதற்கு ஐடியூன்ஸ் வரலாற்றைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பூட்டிய நூலைக் குறைத்தும் பூட்டாத நூலைக் கூட்டியும் விற்றால், வாசகர்கள் இயல்பாகவே விலை குறைந்த இடத்துக்குப் போவார்கள். பூட்டை வைத்திருப்பது பெரிய கடைகள். ஒரு கடையின் பூட்டுக்குள் இருநூறு நூல்களைச் சேர்த்துவிட்ட வாசகர் வேறு கடையின் கருவிக்கு மாற மாட்டார், நாளைக்கு அந்தக் கடை எங்களிடம் எத்தனை சதவிகிதம் கழிவு கேட்டாலும் எங்களால் விலக முடியாது. பூட்டு எழுத்தாளரைக் காப்பதாக நாங்கள் நம்புகிறோம். அதன் சாவி கடையிடம் இருக்கிறது என்பதைப் பல பதிப்பகங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. விலைக் குறைப்பு வாசகரை அந்தக் கூண்டுக்குள் இன்னும் விரைவாக அழைத்துச் செல்லும்.

அமேசானில் சொந்தமாக வெளியிடும் எழுத்தாளர்கள் பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், எதைத் தேர்ந்தாலும் அவர்களுடைய உரிமைத் தொகையின் விகிதம் மாறுவதில்லை. ஆகவே முதலில் செய்ய வேண்டியதை விலையைத் தொடாமலே செய்யலாம். பூட்டில்லாமல் விற்கும் நூல்களின் விவரப் பகுதியில் அந்தச் செய்தி பெரும்பாலும் அடியில் ஒற்றை வரியாக மறைந்து கிடக்கிறது. அதை விலைக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம்.

நான் பணியாற்றும் இடத்தில் இரண்டு முன்மொழிவுகளை வைக்க முடிவு செய்திருக்கிறேன். புதிய ஒப்பந்தங்களில் பூட்டுக்குப் பதிலாக நீர்க்குறி. பூட்டிய நூலை விற்கும் கடை மூடப்பட்டால், ரசீதைக் காட்டும் வாசகருக்குப் பதிப்பகமே பூட்டாத கோப்பைக் கொடுக்கும் என்ற உறுதி. இரண்டாவதற்குப் பணச்செலவு மிகச் சிறியது, மூலக் கோப்பு எங்களிடம்தான் இருக்கிறது. கடினமான இடம் பழைய நூல்கள்தான். பூட்டு வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எழுத்தாளரின் இசைவு இல்லாமல் எங்களால் மீற முடியாது.

மறுமொழி 7
எழுதியவர்: நெடுவாசகி

ஐயா, அந்த இரண்டாவது உறுதி ஒன்று இருந்திருந்தால் இந்தக் கேள்வியை நான் எழுதியிருக்கவே மாட்டேன். அதில் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடல்களுக்கு வாங்கியதுபோல, மாற்றித் தருவதற்கென்று மீண்டும் கட்டணம் வைக்க வேண்டாம். முழு நூலின் விலையை நாங்கள் முதல் நாளிலேயே கொடுத்துவிட்டோம். பழைய நூல்களின் எழுத்தாளர்களுக்கு நீங்கள் எழுதும்போது, வாசகர்களின் வேண்டுகோளாக ஒரு கடிதத்தையும் இணைக்க விரும்பினால், அதை எழுதித் தர நானும் செவிவழிவாசகன் அவர்களும் அணியமாக இருக்கிறோம், அவரிடம் கேட்டுவிட்டேன்.